ராத்திரியிலும் காந்தும் தளம்: ஒரு கதிர்வீச்சுக் கணக்கு

மேல்மாடியில் குடியிருப்பவர்களிடம் மே மாதத்தில் பேசிப் பாருங்கள். பகல் வெயிலைவிட ராத்திரியைப் பற்றித்தான் அதிகம் புலம்புவார்கள். சென்னையில் பொழுது சாய்ந்தால் கடல்காற்று வந்துவிடும், தெருவில் நடந்தால் இதமாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்ததும் உச்சந்தலை காந்தும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கும், ஃபேன் ஐந்தில் ஓடும், ஆனாலும் காந்தல் அடங்காது. "வீட்டுக்குள்ள அனல் அடைஞ்சு நிக்குது" என்று காற்றின் மேல் பழியைப் போடுவார்கள். இதில் காற்றின் பங்கு கம்மி. பகல் முழுக்க வெயில் வாங்கிய காங்கிரீட் தளம், கீழே இருக்கும் உங்களை நோக்கி வெப்பத்தைக் கதிராக வீசிக்கொண்டிருக்கிறது. நடுவில் காற்றே இல்லாவிட்டாலும் அது வந்து சேரும். சூரியனிலிருந்து பூமிக்கு வெப்பம் வருவதும் இதே வழியில்தான்.

எவ்வளவு வருகிறது என்பதை ஒரு தாளும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக்கல் படித்தவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கைப் பரீட்சைக்குப் போட்டிருப்பார்கள். கோதண்டராமன், சுப்ரமணியன் தொகுத்த டேட்டா புக்கைப் புரட்டி, இரண்டு தட்டுகளுக்கு நடுவே போகும் வெப்பத்தைக் கண்டுபிடித்து, பதிலுக்குக் கட்டம் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். அந்த இரண்டு தட்டில் ஒன்று தன் தலைக்கு மேலேயே இருக்கிறது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இதில் தீராத வருத்தம். நம் ஊர் மாதிரி வெயில் ஊருக்கு இதைவிடப் பயன்படும் கணக்கு வேறொன்று இல்லை என்பது என் எண்ணம். அதனால் இங்கே முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் அடிப்படை. எந்தப் பொருளாக இருந்தாலும், அதன் மேற்பரப்பு சதா வெப்பத்தை வீசிக்கொண்டே இருக்கும். சுவர், தரை, நாற்காலி, உங்கள் முகம், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த தண்ணீர் பாட்டில், எதுவும் விலக்கில்லை. எவ்வளவு வீசும் என்பதை 1879-இல் ஆஸ்திரியாவின் ஜோசப் ஸ்டெஃபான் சொன்னார். அவர் அதைப் பிடித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். டிண்டால் என்கிற ஐரிஷ் விஞ்ஞானி ஏற்கெனவே ஒரு பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி அளந்திருந்தார். கம்பி மங்கலான சிவப்பில் இருக்கும்போது சுமார் 525 டிகிரி. வெள்ளையாக ஜொலிக்கும்போது சுமார் 1200 டிகிரி. இரண்டுக்கும் நடுவே கதிர்வீச்சு 11.7 மடங்கு ஏறியது. ஸ்டெஃபான் இரண்டு வெப்பநிலையோடும் 273-ஐக் கூட்டினார், 1473-ஐ 798-ஆல் வகுத்தார், வந்ததன் நான்காம் அடுக்கை எடுத்தார். விடை 11.6. வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கதிர்வீச்சு ஏறுகிறது என்ற விதி அங்கேதான் பிறந்தது. ஐந்து வருஷம் கழித்து அவருடைய மாணவர் போல்ட்ஸ்மன் அதைக் கோட்பாட்டு வழியில் நிறுவினார். அதனால் இருவர் பெயரும் ஒட்டிக்கொண்டது.

விதி இதுதான்: கெல்வினில், அதாவது செல்சியஸோடு 273-ஐக் கூட்டி, வெப்பநிலையை எடுத்து, அதன் நான்காம் அடுக்கை 5.67 × 10⁻⁸ என்ற மாறிலியால் பெருக்கினால், ஒரு சதுர மீட்டர் எத்தனை வாட் வீசுகிறது என்று கிடைக்கும். இது முழுமையாக வீசும் பரப்புக்கு. மற்றவற்றுக்கு ஒரு தள்ளுபடி உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

கெல்வின் என்பதை அழுத்திச் சொல்கிறேன். தளத்தின் அடிப்பக்கம் 42 டிகிரி, சுவரும் தரையும் 33 டிகிரி என்று வையுங்கள். செல்சியஸ் எண்ணையே போட்டு நான்காம் அடுக்கு எடுத்தால் வித்தியாசம் சதுர மீட்டருக்கு 0.11 வாட் என்று வரும். அவ்வளவுதானா என்று புத்தகத்தை மூடிவிடுவோம். 273-ஐக் கூட்டி 315, 306 என்று போடுங்கள். தளம் வீசுவது 558 வாட். தரை திருப்பி வீசுவது 497 வாட். வித்தியாசம் 61 வாட். ஐந்நூறு மடங்குக்கு மேல் வேறுபாடு.

இந்த 558, 497 என்ற எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அறையில் எல்லாப் பரப்பும் சதுர மீட்டருக்கு ஐந்நூறு வாட் அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று வீசிக்கொண்டே இருக்கிறது. நமக்கு உறைப்பது போக வர உள்ள வித்தியாசம் மட்டும். அந்த 61-ஐ ஒன்பது டிகிரியால் வகுத்தால் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6.8 வாட். தள்ளுபடி போக ஆறு. நம் வீட்டு வெப்பநிலைகளில் இது பெரிதாக மாறாது. எனவே கால்குலேட்டர் கையில் இல்லாதபோது, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆறு வாட் என்று மனக்கணக்காகவே போட்டுக்கொள்ளலாம்.

இப்போது அந்தத் தள்ளுபடி. ஒரு பரப்பு, அந்த வெப்பநிலையில் வீசக்கூடிய உச்ச அளவில் எத்தனை பங்கு வீசுகிறது என்பதுதான் உமிழ்திறன்; வகுப்பறையில் எமிசிவிட்டி என்பார்கள். காங்கிரீட், சுண்ணாம்பு, பெயின்ட், மரம், துணி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், மனிதத் தோல் எல்லாம் 0.9-ஐ ஒட்டி இருக்கும். பளபளக்கும் அலுமினியத் தாள் 0.05-க்குப் பக்கத்தில். இரண்டே கட்சிகள்தான் என்று வைத்துக்கொள்ளலாம்: வீட்டில் இருக்கும் பெரும்பாலான பரப்புகள் ஒரு பக்கம், பளபளக்கும் உலோகம் மறுபக்கம்.

நிறம் இதில் வராது. இதை நம்ப வைப்பதுதான் கஷ்டம். அக்கா மகன் மூன்றாம் வருஷம் படிக்கிறான், அவனே கேட்டான்.

"மாமா, உள்பக்கம் சீலிங்குக்கு நல்ல வெள்ளை அடிச்சா காந்தல் குறையாதா?"

"குறையாதுடா. வெள்ளை கண்ணுக்குத்தான் வெள்ளை. தளம் வீசுற கதிர் ஒன்பது மைக்ரான் பக்கத்துல இருக்கு. கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த ஒன்பது மைக்ரானுக்கு வெள்ளை பெயின்டும் கறுப்பு பெயின்டும் ஒண்ணுதான்."

அவன் நம்பவில்லை. கொரோனா காலத்தில் வாசலுக்கு வாசல் நெற்றியில் பிடித்தார்களே, அந்த ஜாதி துப்பாக்கி வெப்பமானி ஒன்று என்னிடம் உண்டு. காய்ச்சல் பார்க்கும் மாடல் மனித உடம்பின் வெப்பநிலைக்கு மட்டும்தான் சரிவரும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பட்டறை மாடல்தான் இதற்குத் தேவை. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் பிடிக்கச் சொன்னேன். நாற்பது சொச்சம் காட்டியது. உள்ளே தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, கருவி நாற்பது என்கிறது. பிறகு அதே பாத்திரத்தில் எலக்ட்ரீஷியன் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, டேப்பின் மேல் பிடித்தான். தொண்ணூறைத் தாண்டியது. ஒரே பாத்திரம், ஒரே சூடு. பளபளக்கும் பரப்பு தன் சூட்டை வெளியே அதிகம் வீசவில்லை. அதில் பட்டுத் திரும்பிய சமையலறைச் சுவரின் கதிரைத்தான் கருவி பெரும்பாலும் அளந்தது. டேப்பின் மேல் வெள்ளை பெயின்ட் ஒரு கோடு இழுத்துக் காய்ந்ததும் மறுபடி பிடித்தோம். தொண்ணூறு குறையவில்லை. பையன் டேப்பைச் சுரண்டிக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். நூறு பக்கம் படித்தாலும் கிடைக்காத தெளிவு அது.

அடுத்தது வியூ ஃபேக்டர். பெரும்பாலான மாணவர்கள் பயப்படும் இடமும் இதுதான், எனக்கு இந்த முழு விஷயத்திலேயே மிக அழகாகத் தோன்றும் இடமும் இதுதான். ஒரு பரப்பு எல்லாத் திசையிலும் வீசுகிறது. அதில் எத்தனை பங்கு இன்னொரு குறிப்பிட்ட பரப்பின் மேல் போய் விழும்? அந்தப் பங்குதான் வியூ ஃபேக்டர். கல்யாணச் சமையலில் பெரிய விறகடுப்பின் எதிரே நின்றால் முகம் எரியும். நடுவில் ஒருவர் குறுக்கே வந்து நின்ற நொடியில் எரிச்சல் நிற்கும். அடுப்பின் சூடு குறையவில்லை, அது உங்கள் முகத்தைப் பார்ப்பது நின்றுவிட்டது. முழுக்க முழுக்க வடிவமும் தூரமும் கோணமும் சம்பந்தப்பட்ட விஷயம் இது. வெப்பநிலைக்கு இங்கே வேலையே இல்லை.

இதில் இரண்டு விதிகள் போதும். ஒன்று, ஒரு மூடிய அறையில் ஒரு பரப்பிலிருந்து மற்ற எல்லாவற்றுக்கும் போகும் பங்குகளைக் கூட்டினால் ஒன்றுதான் வரவேண்டும். வீசியது எங்காவது விழுந்துதானே ஆகவேண்டும். இரண்டு, முதல் பரப்பின் அளவை அதன் பங்கால் பெருக்கினால் வருவதும், இரண்டாவது பரப்பின் அளவை அதன் பங்கால் பெருக்கினால் வருவதும் சமம். பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி என்று ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். கனசதுரம். தளத்திலிருந்து தரைக்குப் போகும் பங்கு 0.2. நான்கு சுவருக்கும் தலா 0.2. கூட்டினால் ஒன்று. தளம் வீசுவதில் ஐந்தில் நான்கு பங்கு சுவர்களின் மேல் விழுகிறது என்பதைக் கவனியுங்கள். ராத்திரி சுவரும் வெதுவெதுப்பாக இருப்பதற்கு இது ஒரு காரணம்.

அந்த அறையில் நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். அறையின் நடுவே பாய் விரித்து மல்லாந்து படுத்தால், உங்கள் உடம்பின் மேல்பரப்பு பார்ப்பதில் தளத்தின் பங்கு 27 சதவீதம் அளவுக்கு இருக்கும். மீதி சுவர்கள். கட்டில், மெத்தை, உடம்பு எல்லாம் சேர்ந்து மூன்றடி உயரம் என்றால் அது 39 சதவீதம் ஆகிறது. விடுதிகளில் இருக்கும் அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில், தளத்துக்கு மூன்றடி கீழே படுத்தால் 77 சதவீதம். மேல்தட்டுப் பிள்ளைக்குத் தூக்கம் வராததற்கு இந்த 77-தான் காரணம். கட்டிலை விட்டுத் தரையில் பாய் போட்டுப் படுக்கும் வழக்கத்தில் சில்லென்ற தரையோடு இந்த வடிவக் கணக்கும் உண்டு. கூரை தாழ்ந்த ஷீட் வீடுகளில் நிலைமை மோசம். எட்டடி உயரத்தில் ஷீட், மூன்றடி உயரத்தில் கட்டில் என்றால் பங்கு 55 சதவீதம். இதனால்தான் கூரை உயரத்தில் ஓரடி குறைத்துக் கட்டும் சிக்கனத்தை நான் எதிர்க்கிறேன்.

நீளமான பரப்புகளுக்கு எம்ஐடியின் ஹாட்டல் ஒரு குறுக்கு வழி கொடுத்தார். நூல் கட்டும் முறை என்று சொல்லலாம். இரண்டு பரப்புகளின் விளிம்புகளை நூலால் இணைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்காகப் போகும் இரண்டு நூல்களின் நீளத்தைக் கூட்டி, குறுக்கே வெட்டாமல் நேராகப் போகும் இரண்டு நூல்களின் நீளத்தைக் கழித்து, வீசும் பரப்பின் அகலத்தைப் போல இருமடங்கால் வகுத்தால் வியூ ஃபேக்டர். நான்கு மீட்டர் அகலத் தெரு, இரு பக்கமும் மூன்று மீட்டர் உயர வீடுகள். ஒரு சுவர் எதிர்ச் சுவரை எவ்வளவு பார்க்கிறது? குறுக்கு நூல்கள் ஐந்தும் ஐந்தும் பத்து. நேர் நூல்கள் நான்கும் நான்கும் எட்டு. மீதி இரண்டு. வகுக்க வேண்டியது ஆறு. ஆக மூன்றில் ஒரு பங்கு. அதே தெருவில் சாலை வானத்தை எவ்வளவு பார்க்கிறது? பத்திலிருந்து ஆறைக் கழித்தால் நான்கு, எட்டால் வகுத்தால் பாதி. இப்போது இரு பக்கமும் நான்கு மாடி எழுப்பி, உயரம் பன்னிரண்டு மீட்டர் ஆகிவிட்டதென்று வையுங்கள். சாலை பார்க்கும் வானம் 16 சதவீதமாகச் சுருங்கிவிடும். ராத்திரி தன் சூட்டை வானத்துக்கு வீசி ஆறவேண்டிய தெரு, சுவருக்குச் சுவர் சூட்டை மாற்றிக்கொண்டு விடிய விடியப் புழுங்கும். சந்துகள் ஏன் ஆறுவதில்லை என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம், ஒரு முக்கோணம் போதும்.

சரி, அறைக்கு வருவோம். பத்துக்குப் பத்துத் தளம் 9.3 சதுர மீட்டர். நான்கு சுவர், தரை ஐந்தையும் ஒரே வெப்பநிலையில் உள்ள ஒரே பரப்பாக எடுத்துக்கொண்டால், தளம் வீசுவது முழுக்க அதன் மேல்தான் விழும். ஆனால் விழுவதெல்லாம் ஒட்டாது, உமிழ்திறன் 0.9 என்றால் பத்தில் ஒரு பங்கு திரும்பிப் போகும், மறுபடி வரும், மறுபடி போகும். இந்தப் போக்குவரத்தை எண்ணி முடியாது என்று தோன்றும். 1956-இல் ஓப்பன்ஹைம் இதை மின்சுற்று மாதிரி வரைந்து காட்டினார். தளத்தின் பரப்பில் ஒரு தடை, நடுவெளியில் ஒரு தடை, எதிர்ப் பரப்பில் ஒரு தடை. பரப்பின் தடைக்கு உமிழ்திறன் காரணம், நடுவெளியின் தடைக்கு வியூ ஃபேக்டர் காரணம். மூன்றையும் கூட்டி, மேலே பார்த்த 61 வாட்டை அதனால் வகுக்க வேண்டியதுதான். பரப்புகள் அதிகமானால் சமன்பாடுகளும் அதிகமாகும், கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடலாம். ஒரு உபரித் தகவல்: 1984-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதே கணக்கை வெப்பத்துக்குப் பதிலாக வெளிச்சத்துக்குப் போட்டு, அறையின் படத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்தார்கள். ரேடியாசிட்டி என்று கிராஃபிக்ஸ் துறையில் புகழ்பெற்ற முறை வெப்பப் பொறியாளர்களிடமிருந்து போனதுதான்.

நம் அறைக்கு விடை 500 வாட். சீலிங்கில் அரைக் கிலோவாட் ஹீட்டர் ஒன்றை மாட்டி, மே மாத ராத்திரியில் போட்டுவிட்டுப் படுப்பதற்குச் சமம். ஏசி இருந்தால் அது முதலில் இந்த 500 வாட்டை வெளியே தள்ளிவிட்டுத்தான் மற்ற வேலைக்கு வரும். ஷீட் வீட்டில், நடுப்பகலில் ஷீட்டின் அடிப்பக்கம் 55 டிகிரிக்குப் போனால், சுவரும் தரையும் அதே 33 என்று வைத்துக்கொண்டு போட்டுப் பாருங்கள். 1300 வாட். அதன் கீழே உட்கார்ந்து தைக்கிறவர்களும் பாடம் படிக்கிற பிள்ளைகளும் எத்தனை பேர்.

ஃபேன் இதற்கு என்ன செய்யும்? காற்று உங்கள் தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் உடம்பின் சூட்டை எடுத்துப் போகும், வியர்வையைக் காயவைக்கும். நல்லதுதான். ஆனால் கதிரைத் தடுக்காது. அதிகக் காற்றோட்டம் இல்லாத அறையில் உடம்பு உணர்வது, காற்றின் வெப்பநிலைக்கும் சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி வெப்பநிலைக்கும் ஏறக்குறைய நடுவில் உள்ள எண். காற்று 32, சுற்றுப் பரப்புகள் 38 என்றால் உடம்புக்கு அது 35. சுவரில் மாட்டிய வெப்பமானி 32 காட்டிக்கொண்டிருக்கும், வீட்டில் இருப்பவர் புழுங்குவார். அவர் சொல்வதுதான் சரி.

இனி மாற்றுவழி. கணக்கு எழுதிவிட்டால் வழி தானாகத் தெரியும். நடுவே ஒரு திரை போட வேண்டும், அல்லது உமிழ்திறனைக் குறைக்க வேண்டும், அல்லது தளம் சூடாகாமல் மேலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாதாரணத் திரையே பாதி வேலையை முடிக்கும். இரண்டு பரப்புகளுக்கு நடுவே அதே மாதிரிப் பரப்புள்ள ஒரு தட்டை இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் கதிர்வீச்சு பாதியாகும். இரண்டு தட்டு விட்டால் மூன்றில் ஒன்றாகும். ஃபால்ஸ் சீலிங் செய்வது இதைத்தான். ஷீட்டுக்கு அடியில் ஓலைத் தட்டியோ கோரைப்பாயோ கட்டுகிறார்களே, அதுவும் இதேதான். மொட்டை மாடியில் தென்னங்கீற்றுப் பந்தல் போடுவது அதைவிடச் சிறப்பு, ஏனென்றால் வெயில் தளத்தைத் தொடுவதற்கு முன்பே நிறுத்துகிறது. நடுவில் காற்று ஓடுவதால் கீற்று வாங்கிய சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். தீப்பிடிக்கும் பயம் ஒன்றுதான் அதற்குக் குறை, அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பளபளக்கும் தாளைத் திரையாக்கினால் கணக்கு அசத்தும். தளத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, இரு பக்கமும் 0.05 உமிழ்திறன் உள்ள அலுமினியத் தாளைக் கட்டினால், கதிர்வீச்சு மட்டும் பார்த்தால் 500 வாட் பதினைந்து வாட் பக்கம் வந்துவிடும். முழு உண்மை அது இல்லை. இடைவெளிக் காற்றின் வழியாகவும் கொஞ்சம் வெப்பம் கடத்தப்படும். அதையும் சேர்த்தால் அறுபது எழுபது வாட். அப்போதும் பெரிய இறக்கம். சூடு மேலிருந்து கீழே வருவதால் சூடான காற்று தளத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது, சுழன்று கீழே இறங்காது. கூரைக்கு இந்த முறை இவ்வளவு பொருந்துவதற்கு அதுதான் காரணம். தளம் தன் சூட்டைக் கீழே இறக்க வழியில்லாமல் ஓரிரு டிகிரி கூடுதலாகச் சுடும், ஆனால் அந்தச் சூடு மேலே வானத்துக்குப் போகும்.

இங்கேதான் ஏமாற இடமும் இருக்கிறது. தாளின் பளபளப்புக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தே ஆகவேண்டும். இரண்டு பலகைக்கு நடுவே இடைவெளியில்லாமல் ஒட்டிவிட்டால் அது வெறும் உலோகம், வெப்பத்தைக் கடத்துமே தவிரத் தடுக்காது. மேல்பார்த்த பக்கத்தில் தூசி படியும், தூசியின் உமிழ்திறன் 0.9, படிந்தவுடன் பளபளப்பின் பலன் குறைய ஆரம்பிக்கும். எனவே ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும் தாளாக இருந்தால் அந்தப் பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேலே தடிமனான பிளாஸ்டிக் பூச்சு போட்ட பபிள் ஷீட்டுகள் கண்ணுக்கு மின்னும், ஆனால் அந்தப் பூச்சு வெப்பக் கதிரை விழுங்கித் திரும்ப வீசும். வாங்கும்முன் கன்னத்துக்குப் பக்கத்தில் தொடாமல் பிடித்துப் பாருங்கள். நல்ல தாள் என்றால் உங்கள் முகத்தின் சூடே திரும்பி வந்து கன்னம் வெதுவெதுக்கும். சாதாரண சில்வர் பெயின்ட்டின் உமிழ்திறன் 0.3 முதல் 0.6 வரை இருக்கும். தாளோடு அதை ஒப்பிடவே முடியாது.

மேல்பக்கத்துக்கு வந்தால் கணக்கு தலைகீழாகும். அங்கே எதிரி சூரியன், அதன் கதிர் கண்ணுக்குத் தெரியும் அலைநீளத்தை ஒட்டியது. அங்கே வெள்ளை உண்மையிலேயே வேலை செய்யும். நடுப்பகலில் சதுர மீட்டருக்கு 900 வாட் வெயில் விழுகிறது என்றால், வெறும் காங்கிரீட் 600 வாட் அளவுக்கு வாங்கிக்கொள்ளும். நன்றாக வெள்ளை அடித்த தளம் 225 வாட் பக்கம்தான் வாங்கும். அதோடு, ஒன்பது மைக்ரானில் வெள்ளையின் உமிழ்திறன் 0.9 என்பதால் வாங்கியதை வானத்துக்கு வீசியும் விடும். புதுத் தகர ஷீட் பளபளப்பதால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நினைப்போம். அது வெயிலில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்கிறது, உமிழ்திறன் குறைவு என்பதால் திருப்பி வீச மறுக்கிறது. வெயிலில் கிடந்த ஸ்பேனரைத் தொட்டவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டாம். அதாவது கூரைக்கு மேலே வெள்ளை, கூரைக்குக் கீழே பளபளப்பு. மாற்றிச் செய்தால் காசு போகும்.

ராத்திரி வானம் எவ்வளவு வாங்கிக்கொள்ளும் என்பதற்கு நம் நாட்டிலேயே பழைய சாட்சி உண்டு. அலகாபாத் பக்கம் குளிர்கால ராத்திரிகளில், பள்ளத்தில் காய்ந்த கரும்புச் சருகு பரப்பி, அதன் மேல் ஆழமில்லாத மண் சட்டிகளில் தண்ணீர் ஊற்றி வைத்து, காற்று உறைநிலைக்குப் போகாதபோதே விடியலில் பனிக்கட்டி எடுத்ததை 1775-இல் ராபர்ட் பார்க்கர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதியிருக்கிறார். 2014-இல் ஸ்டான்ஃபோர்டில் அஸ்வத் ராமன் குழு, நேர் வெயிலிலேயே சுற்றுக் காற்றைவிட ஐந்து டிகிரி அளவுக்குக் குளிரும் பரப்பைச் செய்து காட்டியது. சென்னை மாதிரி ஈரப்பதம் மிகுந்த கடலோர ஊரில் காற்றிலிருக்கும் நீராவி கீழ்நோக்கித் திருப்பி வீசுவதால் இந்தப் பலன் குறையும். மதுரை, திருச்சி, சேலம் மொட்டை மாடிகளுக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

மாலையில் மாடியில் தண்ணீர் தெளிப்பதைப் பற்றியும் ஒரு வரி. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், நம் 500 வாட் தளம் ஒரு மணி இருபது நிமிஷம் வீசுவதற்குச் சமம். தண்ணீர் இருந்தால் ஈரச் சாக்கு போடுவது மிக நல்ல வழி. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் சொல்ல எனக்கு மனம் வராது.

கையில் குறைந்த பணம்தான் இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு. வருஷா வருஷம் கோடைக்கு முன் அதைக் கழுவிவிடுங்கள், அழுக்குப் படிந்த வெள்ளை பாதி வெள்ளைதான். அதன்பின் மீதி இருந்தால் அடியில் இடைவெளி விட்டுப் பளபளக்கும் தாள். ஷீட் வீடு என்றால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், அதுவரைக்கும் ஓலைத் தட்டியாவது கட்டுங்கள். உள்பக்கச் சீலிங்குக்கு வெப்பம் குறையும் என்று சொல்லி யாராவது வெள்ளை பெயின்ட் விற்க வந்தால் வாங்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு தட்டுக் கணக்கை நடத்தும்போது பிள்ளைகளை அவரவர் வீட்டுத் தளத்தை அளந்துவரச் சொல்லுங்கள். நீள அகலம், கூரை உயரம், ராத்திரி எட்டு மணிக்குத் தளத்தின் அடிப்பக்கமும் சுவரும் என்ன வெப்பநிலை, இவ்வளவுதான் தேவை. வாசகர்களும் இதே எண்களைக் கீழே எழுதுங்கள், தளம் காங்கிரீட்டா ஷீட்டா என்பதையும் சேர்த்து. உங்கள் வீட்டுத் தளம் எத்தனை வாட் வீசுகிறது என்று போட்டுத் தருகிறேன்.